வியாழக்கிழமைக் கச்சேரி

விடிவதற்கு முன்பே வானொலியைத் திருகிவிட்டுக் காத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஆகாசவாணியின் முகப்பிசையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தம்புராவின் சுருதிமேல் ஒரு வயலின் எழும். சிவரஞ்சனியின் சாயலில் மெல்ல ஏறி, அவசரமில்லாமல் இறங்கும். பக்திப் பாடலும் செய்தியும் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த இசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன். நாஜிகளின் நிழல் ஐரோப்பாவில் படர்ந்தபோது தப்பி, 1934இல் பம்பாய்க்கு வந்துசேர்ந்த யூதர். வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்ற பார்சி இளைஞர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவருகிறது. இரண்டு மூன்று வாத்தியங்கள், ஆளுக்கொரு வரி, நடுவில் நின்று கை அசைப்பவர் யாரும் இல்லை. மேற்கத்திய சங்கீதத்தில் சேம்பர் இசை என்று சொல்வார்களே, அதன் இலக்கணம் இதுதான். இந்தியாவிலேயே மிக அதிகம் பேர் கேட்ட சேம்பர் இசை எதுவென்று கேட்டால், விடியற்காலையில் நம் சமையலறை வரை வந்த அந்தச் சில விநாடிகளைத்தான் நான் சொல்வேன்.

பம்பாயில் கால்வைத்த சில மாதங்களிலேயே காஃப்மன் ஒரு காரியம் செய்தார். பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டி என்று ஒரு சபையைத் தொடங்கினார். வியாழக்கிழமைதோறும் வில்லிங்டன் ஜிம்கானாவில் கச்சேரி. அவர் பியானோ, மெஹ்லி மேத்தா வயலின், உடன் வாசிக்கக் கிடைத்தவர்கள் சிலர். 1937 மே மாதத்துக்குள் 136 கச்சேரிகள் நடந்துவிட்டன. மூன்று ஆண்டுகூட நிரம்பாத காலத்தில் 136 என்றால், வாரம் தவறவில்லை என்றே பொருள். சம்பளமில்லை, அரசு மானியமில்லை. வேறு ஊர்களுக்குப் பயணம் போனதாகத் தெரியவில்லை. போக வேண்டும் என்று நினைத்ததாகவும் தெரியவில்லை. ஆனால் ஒரே ஊரில், ஒரே கிழமையில், வருபவர் நூறாயினும் பத்தாயினும் வாசிப்பது என்று உட்கார்ந்தார்கள்.

1935இல் மெஹ்லி மேத்தா பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார். 1940இல் நால்வர் கொண்ட பம்பாய் ஸ்ட்ரிங் குவார்ட்டெட். அவர் வீட்டில் வளர்ந்த மகன், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நடத்துநரான சுபின் மேத்தா, பலமுறை அந்த நாள்களை நினைவுகூர்ந்திருக்கிறார். ஒத்திகை நடந்தது வீட்டுக் கூடத்தில். தந்திவாத்தியக்காரர்களில் பார்சிகளும், ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களும், ஹோட்டல் நடனக் குழுக்களில் வாசித்துப் பிழைத்த கோவாக்காரர்களும் இருந்தார்கள். ஊதுவாத்தியத்துக்கு கடற்படை பேண்டிலிருந்து ஆள் வர வேண்டும். 1952இல் வயலின் மேதை யெஹுதி மெனுகின் நேருவின் அழைப்பில் இந்தியா வந்து வாசித்தபோது, ஒத்திகையில் குழுவின் முன் நின்று கை அசைத்தவர் பதின்வயது சுபின். ஒரு வல்லுநரின் முன்னால் ஒரு பள்ளிச் சிறுவன் நிற்க முடிந்தது என்றால், அந்தக் குழு எத்தனை வீட்டுப்பாங்கானது என்பது விளங்கும். எத்தனை நொய்மையானது என்பதும்தான். 1954இல் மகன் வியன்னாவுக்குப் படிக்கப் போனார். அடுத்த ஆண்டு தந்தையும் மான்செஸ்டரின் ஹாலே இசைக்குழுவுக்கு வாசிக்கப் போய்விட்டார். அவர் கட்டிய குழு அவருக்குப் பின் நிலைக்கவில்லை.

இதையெல்லாம் கராடியில் உட்கார்ந்து நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

புனேயின் கிழக்கு ஓரத்தில் முளா-முட்டா ஆற்றங்கரையில் இருக்கும் கராடி, 1997இல் மாநகராட்சியோடு சேர்க்கப்படும் வரை ஒரு கிராமம். இன்று இயான் ஐடி பார்க்கும் வேர்ல்ட் டிரேட் சென்டரும் நிற்கும் இடங்களில் அன்று வயல்கள் இருந்தன. என் அடுக்ககத்தின் லிஃப்டில் தமிழ் காதில் விழாத நாளே கிடையாது. சேலம், திருச்சி, நாகர்கோவில் என்று எங்கிருந்தோ வந்து மென்பொருளில் உட்கார்ந்த குடும்பங்கள். வார இறுதியில் பிள்ளைகள் கீபோர்டுக்கும் கிடாருக்கும் போகிறார்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் வயலின் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு நகர் ரோடு நெரிசலில் அம்மாவின் ஸ்கூட்டரில் போகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் கர்நாடக சங்கீதம், மீதிப் பேர் மேற்கத்தியம்.

புனேக்கு இசை புதிதல்ல. 1953 முதல் சவாய் கந்தர்வர் இந்துஸ்தானி இசை விழா நடக்கும் ஊர் இது. ஆனால் மேற்கத்திய இசை இங்கே வேறு வாசல் வழியாக வந்தது. பம்பாய் மாகாணத்தின் மழைக்காலத் தலைநகரம் புனே. படைமுகாமின் ரெஜிமெண்ட் பேண்டுகளும், முகாமை ஒட்டிக் குடியேறிய பார்சி, கோவா, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் அதைக் கொண்டுவந்தன. இன்றும் புனேயில் சேம்பர் இசை கேட்க வேண்டுமென்றால் கேம்ப் பகுதிக்குத்தான் போக வேண்டும். அங்கே பார்சிப் பள்ளியொன்றின் வளாகத்தில் இருக்கும் மஸ்தா ஹாலில் பூனா மியூசிக் சொசைட்டி கச்சேரிகள் நடத்துகிறது. கராடியிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். மாலை ஆறு மணிக்கு அந்தப் பத்து கிலோமீட்டர் ஒரு மணி நேரம்.

பெரிய குழுவைக் கேட்க வேண்டுமென்றால் மும்பைதான். நரிமன் பாயிண்டில் தேசிய நிகழ்கலை மையம். 1969இல் ஜே.ஆர்.டி. டாடாவும் ஜாம்ஷெட் பாபாவும் நிறுவியது. அங்குள்ள ஜாம்ஷெட் பாபா அரங்கில் 1,109 இருக்கைகள். கட்டி முடியும் தறுவாயில் 1997இல் தீப்பிடித்து எரிந்து, மீண்டும் கட்டி 1999இல் திறந்தார்கள். அந்த அரங்கில்தான் 2006இல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா பிறந்தது. மையத்தைச் சேர்ந்த குஷ்ரூ சன்டூக் லண்டனில் ஒரு கச்சேரி கேட்டார். கஜகஸ்தானின் வயலின் கலைஞர் மராட் பிசெங்கலியேவ் தான் கட்டியெழுப்பிய மேற்குக் கஜகஸ்தான் இசைக்குழுவோடு வாசித்த கச்சேரி அது. அந்தச் சந்திப்பிலிருந்து இந்தியாவின் முதல் முழுநேரத் தொழில்முறை சிம்பொனிக் குழு உருவானது.

மெஹ்லி மேத்தாவின் குழுவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அன்று ஊதுவாத்தியத்துக்குக் கப்பலிலிருந்து ஆள் வரக் காத்திருந்தார்கள். இன்று வாசிப்பவர்கள் கஜகஸ்தானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் பருவம். அன்று ஒருவர் வேலையை முடித்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு ஓடிவந்தார். இன்று வாசிப்பதே வேலை. அன்று அதே ஊர்க்காரர்கள், அதே தவறுகள். இன்று மார்ட்டின் பிராபின்ஸ், சார்ல்ஸ் டுட்வா போன்றவர்கள் வந்து நடத்தும் தரம்.

பெயரும் வந்தது. மாஸ்கோ, மஸ்கட், அபுதாபி என்று போனார்கள். 2016 ஜனவரியில் சூரிக்கிலும் ஜெனீவாவிலும் வாசித்தார்கள். 2019 பிப்ரவரியில் லண்டன், பர்மிங்ஹாம், எடின்பரோ, கார்டிஃப் என்று பிரிட்டனைச் சுற்றினார்கள். கூட எடுத்துச் சென்றது 'பேஷ்கார்'. இந்தக் குழு கேட்டுக்கொண்டதற்காக ஜாகிர் உசேன் தபலாவுக்கும் முழு இசைக்குழுவுக்குமாக எழுதி, 2015இல் மும்பையில் முதலில் வாசித்த படைப்பு. அது புத்திசாலித்தனமான தேர்வு. ஷூபர்ட்டையும் பிராம்ஸையும் ஐரோப்பாவிலேயே ஐரோப்பியரைவிட நன்றாக வாசிக்கப் போகிறேன் என்று யாரும் புறப்பட முடியாது. ஆனால் ஒரு தபலா நூறு பேருக்கு நடுவில் தாளத்தைப் பிடித்து நிறுத்துவதை பர்மிங்ஹாம் அதற்கு முன் கேட்டிருக்காது. 2024 டிசம்பரில் ஜாகிர் மறைந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மேடைதான். 2023 ஆகஸ்டில் சுபின் மேத்தா 87 வயதில் வந்து முதன்முறையாக இந்தக் குழுவை நடத்தினார். அப்பா கட்டிய குழு கலைந்த நகரத்தில், வேறொரு குழுவின் முன்னால், மகன்.

இந்தக் குழுவின் பெயரைப் பற்றி ஒரு கேள்வி ஆரம்பத்திலிருந்தே உண்டு. நேர்மையாகக் கேட்கப்பட வேண்டிய கேள்விதான். இந்தியாவின் பெயரைத் தாங்கிய குழுவில் பெரும்பாலோர் இந்தியர் அல்லர். சிலர் இதை ஏளனமாகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வயலினைத் தவிர மற்ற வாத்தியங்களில், அதிலும் ஓபோ, பசூன், பிரெஞ்சு ஹார்ன் போன்றவற்றில், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் சாதகம் செய்து அதையே பிழைப்பாகக் கொள்ளும் வழி இந்த நாட்டில் இருந்ததில்லை. இல்லாத ஆளை எங்கிருந்து உட்காரவைப்பது? அழைத்து வந்துதான் தொடங்க முடியும். ஆனால் அழைத்து வந்தவர்களைக் கொண்டு எவ்வளவு காலம் பெயர் வாங்குவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கைத் தீர்க்கக்கூடியது பயணம் போகும் பெரிய குழு அல்ல, அதற்குள்ளே இருக்கும் சிறிய குழுதான் என்பது என் எண்ணம். பருவம் முடிந்து மற்றவர்கள் விமானமேறிய பிறகும் ஆண்டு முழுவதும் மும்பையிலேயே தங்கியிருப்பவர்கள் உண்டு. அவர்களைக் கொண்டதுதான் இந்தக் குழுவின் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா. மேடையில் வாசிப்பவர்களே பகலில் ஆசிரியர்கள். 2012இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் ரஷ்ய முறைப்படி சிறுவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். வாத்தியம் மட்டுமல்ல, ஸ்வரத்தை வாயால் பாடிப் பழகுவதும் பாடத்தில் சேர்த்தி. இது நமக்குப் புரிகிற வழி. சரளி வரிசையைப் பாடாமல் வீணையில் கைவைக்க விட்ட குரு யார்?

அந்தச் சிறிய குழுவை ஒருமுறை மும்பையில் மூன்றாவது வரிசையிலிருந்து கேட்டேன். இருபது பேருக்குள்தான் இருப்பார்கள். நடத்துநர் கிடையாது. முதல் வயலின்காரர் மூச்சை உள்ளே இழுத்தார். அந்த மூச்சு எனக்குக் கேட்டது. வயலின் நுனி ஒரு அங்குலம் மேலே போனது. இருபது வில்களும் ஒரே நேரத்தில் தந்தியில் விழுந்தன. இருவருக்கு ஒரு ஸ்டாண்ட். உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர் பக்கம் திருப்பும் நொடியில் வெளிப்பக்கத்தவரின் வில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். திருப்பி முடித்தவர் பாய்ந்து சேர்ந்துகொள்வார். கடைசி வரிசையில் ஒரு வயோலாக்காரப் பெண், தன் பகுதியில் இடைவெளி வந்தபோது வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு செல்லோக்காரரைக் கவனித்துக்கொண்டே இருந்தார். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது வயலின்காரர் தாளம் போட்டபடி மிருதங்கத்தைக் கவனிப்பாரே, அதே முகம். பெரிய குழுவில் இந்த முகங்களைப் பார்க்க முடிவதில்லை.

கச்சேரி ஏழு மணிக்குத் தொடங்கியது. 1930 ஜூன் 1 முதல் ஓடும் டெக்கான் குயின் மும்பையிலிருந்து மாலை 5.10க்கே புறப்பட்டுவிடும். கச்சேரி கேட்பவருக்கும் அந்த ரயிலுக்கும் ஒத்துவராது. 2002இல் முழுமையாகத் திறந்த விரைவுச்சாலை வழியே வந்து கராடி சேர்ந்தபோது மணி ஒன்றரை. அன்றைய பூனாக்காரர் பம்பாய்க் கச்சேரிக்குப் போனால் உறவினர் வீட்டில் இரவு தங்கியே ஆக வேண்டும். நாம் அதே இரவில் வீடு திரும்புகிறோம். அந்த உறவினரோடு கேட்டதைப் பற்றிப் பேசும் நள்ளிரவு மட்டும் இல்லாமல் போயிற்று.

காஃப்மனுக்கும் சன்டூக்குக்கும் நடுவில் ஒரு நீண்ட காலம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பிழையாகிவிடும். மேத்தாக்கள் போனபின் பம்பாயில் இந்த இசை செத்துவிடவில்லை. 1956இல் விக்டர் பரஞ்சோதி ஒரு பாடகர் குழுவைத் தொடங்கினார். 1958இல் கோவாவின் மஜோர்டாவைச் சேர்ந்த ஆந்தோணி கோன்சால்வஸ், ராகங்களை முழு இசைக்குழுவுக்கு எழுதி மேடையேற்றினார். 1962இல் ஜினி தின்ஷா என்ற அம்மையார் பம்பாய் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் சுமந்தார். வாசித்தவர்கள் ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்கள். பகலில் சினிமா ஸ்டூடியோவில் வாசித்துவிட்டு மாலையில் பாக் வாசிக்க வந்தவர்கள். கேம்ப் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வார். "தந்தி அறுந்தால் அடுத்த வாரம் வாசிப்பு இல்லை. லண்டன் போகும் மச்சானிடம் முன்கூட்டியே சொல்லிவைப்போம்." இப்போது அந்தத் தந்தி இரண்டு நாளில் வீட்டு வாசலுக்கு வருகிறது. அவருக்கு விரல்தான் மடங்குவதில்லை.

சென்னையிலும் இதே கதைதான், களம் வேறு. நம்மிடம் தந்திவாத்தியக்காரர்களை வளர்த்தது சினிமா ஸ்டூடியோ. பாடல் பதிவுக்காக ஓரிடத்தில் உட்கார்ந்த வயலின்களும் செல்லோக்களும்தான் நம் ஊரின் இசைக்குழு. அவர்களில் ஒருவரான வி.எஸ். நரசிம்மன், 1993இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைத் தொடங்கி, கர்நாடக கிருதிகளை நான்கு தந்திவாத்தியங்களுக்குப் பிரித்து எழுதினார். கமகத்தையும் ஹார்மனியையும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் குடியமர்த்துவது எளிதல்ல. அவர் செய்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தாலான வயலின் பரிசளித்தது 1834இல் என்பார்கள். காஃப்மன் பம்பாய் வந்ததற்குச் சரியாக நூறாண்டு முன்பு. அன்றே நாம் அந்த வாத்தியத்தைத் தரையில் உட்காரவைத்து வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டோம். ஆனால் தனியாக வாசிக்கவும் பாட்டுக்குப் பக்கமாக வாசிக்கவும்தான் கற்றோம். பத்துப் பேர் சேர்ந்து ஒரே குரலாக வாசிப்பதைச் சினிமாவுக்கு விட்டுவிட்டோம். கீபோர்டு வந்து ஸ்டூடியோ நாற்காலிகள் குறைந்தபோது, அந்தக் கலையைக் கற்கும் இடமும் குறைந்தது. 2005 டிசம்பர் 26 அன்று, சுனாமியின் முதலாண்டு நினைவு நாளில், பவேரியா இசைக்குழுவோடு சுபின் மேத்தா சென்னை மியூசிக் அகாடமியில் கச்சேரி நடத்தினார். 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவால் வாசிக்கப்பட்டது. இரண்டிலும் எனக்குப் பெருமை உண்டு. இரண்டிலும் நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பதும் மனதில் உறுத்துகிறது.

ஆக, கூடியது எது, குறைந்தது எது என்று பார்த்தால் என் கணக்கு இப்படி வருகிறது. தரம் கூடியிருக்கிறது, சந்தேகமே இல்லை. 1935இல் பம்பாயில் வாசித்தவர்கள் இன்றைய குழுவைக் கேட்டிருந்தால் கண் கலங்கியிருப்பார்கள். உலக மேடைகளில் நமக்கென்று ஓர் அடையாளம் வந்திருக்கிறது. வாசிப்பவருக்கு மாதச் சம்பளம் வந்திருக்கிறது. அது சாதாரணமல்ல. குறைந்தது, மேடைக்கும் வீதிக்கும் இடையில் இருந்த நெருக்கம். வில்லிங்டன் ஜிம்கானாவில் கேட்டவருக்கு வாசித்தவரைத் தெரியும், மறுநாள் கடைத்தெருவில் சந்திப்பார், நேற்று அந்த இடத்தில் சுருதி நழுவிவிட்டதே என்று சொல்வார். ஒரு குழுவின் கலைப்பெயர் பர்மிங்ஹாமில் கிடைக்கும் கைதட்டலில் பாதிதான். தன் ஊரில் அடுத்த தலைமுறையில் எத்தனை பேரை வாசிக்கவைத்தது என்பது மறுபாதி. முதல் பாதியை இந்தக் குழு சம்பாதித்துவிட்டது. மறுபாதி அந்தப் பயிற்சிப் பள்ளிச் சிறுவர்களின் கையில் இருக்கிறது.

காஃப்மன் 1946இல் இந்தியாவைவிட்டுப் போனார். பிறகு அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, வட இந்திய ராகங்களைப் பற்றியும் தென்னிந்திய ராகங்களைப் பற்றியும் தனித்தனியே பெரிய நூல்கள் எழுதினார். பன்னிரண்டு ஆண்டு இந்த நாட்டில் இருந்தவர் வாழ்நாள் முழுவதும் அதைச் சுமந்தார். அவர் இங்கே செய்ததில் பெரும் பணமோ பெரிய அரங்கமோ கேட்டதென்று எதுவுமில்லை. ஓர் அறை, நான்கு நாற்காலி, ஒரு கிழமை.

கராடியின் பெற்றோர்களிடம் நான் கேட்பது இதுதான். வயலின் கற்கும் அந்த ஏழெட்டுப் பிள்ளைகளைத் தனித்தனியே தேர்வுக்கு அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒருவரை வயோலாவுக்கு மாற்றுங்கள், ஒருவருக்கு செல்லோ வாங்கிக் கொடுங்கள், சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கவிடுங்கள். முதல் ஆண்டு காது வலிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அடுக்ககத்தின் கிளப் ஹவுஸ் வியாழக்கிழமை மாலைகளில் காலியாகத்தான் இருக்கிறது.